கல் தாமரையில் நீர்

“மறுபடியும் விழுந்துடுச்சுங்கம்மா,” என்றார் நஞ்சப்பன், தியான மண்டபத்துக்குப் பின்னால் மின்பெட்டியிலிருந்த டிரிப்பரின் விசையை மேலே தள்ளியபடி.

தோட்டத்துக் குளத்தின் நடுவே கல் தாமரையிலிருந்து நீர் எழுந்தது. ஒரு மூச்சு நேரம் நின்றது. எங்காவது மின்சாரம் கசிந்தால் தானே விழும் விசை அது; டப்பென்று கீழே விழுந்தது. நீரும் விழுந்தது.

அம்மா மண்டபத்தின் மூலையில் குளத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். நஞ்சப்பனைவிட வயதில் இளையவர். அந்த மலையடிவார மடத்துக்கு அவர்தான் குரு.

“ஏன் விழுதுன்னு கேட்டீங்களா?”

“யாரைங்க?”

மணி அடித்தது.

மறுநாள் சித்திரைப் பௌர்ணமி, நஞ்சப்பனுக்குத் தீட்சை. மடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தீட்சை பெறுபவர் முந்தின மாலை மணி அடித்ததும் வாயை மூடிவிட வேண்டும். விடியலில் ஒரு கரையிலிருந்து அவர் குளத்தில் இறங்குவார், எதிர்க்கரையிலிருந்து குரு. நடுவே, இடுப்பளவு நீரில், குரு அவர் காதில் ஒரு பெயர் சொல்வார். அதற்குள் ஒரு சொல் பேசிவிட்டாலும் அடுத்த சித்திரைப் பௌர்ணமி வரை காத்திருக்க வேண்டும்.

நஞ்சப்பன் பஞ்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். மனைவியை அடக்கம் செய்த கையோடு இங்கே வந்தவர். அந்தப் பெயருக்காகவே இருந்தார்.

கல் தாமரையும் பம்ப்பும் அவர் கொடுத்தவை. பம்ப்பின் ஒயர் கரைக்கு எட்டாதபோது இன்னொரு துண்டை முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றியதும் அவர்தான்.

கீழே ஊரில் எலக்ட்ரீஷியன் இருந்தார். அவரைக் கூப்பிட வாய் வேண்டும். சைகை காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

பெட்டியைத் திறந்தார். அந்த வழியாக வந்த சமையல்காரர் மருதாசலம் நின்று பார்த்தார்.

“வாயைக் கட்டின சாமிக்குக் கை மட்டும் சும்மா இருக்க மாட்டேங்குது.”

நஞ்சப்பன் சிரித்தார். மெயினை அணைத்தார். டிரிப்பரிலிருந்து பம்ப் ஒயரைக் கழற்றி, டிரிப்பரை விட்டுவிட்டு நேராக லைனில் கொடுத்தார். மெயினைப் போட்டார்.

நீர் எழுந்தது. விழவில்லை.

விடியலில் மடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நீர் விழும் சத்தம் மட்டும் இருந்தது. நஞ்சப்பன் தன் கரையில் நின்றார். எதிரே அம்மா, தோளில் மடித்த காவித் துணியோடு.

கல் தாமரையின் அடியில் ஏதோ வெள்ளையாக மிதந்தது. நஞ்சப்பன் குனிந்து பார்த்தார். தவளை. மல்லாந்து கிடந்தது. நீர் தள்ளிய பக்கம் போயிற்று. அதற்கப்பால் இன்னொன்று.

அம்மா கடைசிப் படிக்கு வந்திருந்தார். புடவையைச் சற்றே தூக்கிக்கொண்டார். பெட்டி தியான மண்டபத்துக்குப் பின்னால் இருந்தது. ஓடினாலும் எட்டாது.

அம்மாவின் வலது கால் தண்ணீரை நோக்கி இறங்கியது.

“இறங்காதீங்க.”

கால் அந்தரத்தில் நின்றது.

“தண்ணியில கரண்ட் இருக்குதுங்க. டிரிப்பரை விட்டுட்டு நேரா கொடுத்துட்டேன்.”

மருதாசலம் எழுந்து ஓடினார். சற்று நேரத்தில் கல் தாமரை அடங்கியது.

பம்ப்பைக் கயிற்றோடு தூக்கி எடுத்தார்கள். டேப் சுற்றிய இடம் ஊறி, உப்பி, வாய் பிளந்திருந்தது.

நஞ்சப்பன் குளத்தைச் சுற்றி வந்து அம்மாவுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார். “பேசிட்டேனுங்க,” என்றார்.

“ம்.”

“அடுத்த சித்திரைக்கு நான் இருப்பேனோ என்னமோ.”

அம்மா நீரில் கிடந்த தவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க சொன்னீங்க,” என்றார். “நான் நின்னேன்.”

நனையாத கால்களோடு படியேறிப் போனார்.

நஞ்சப்பன் மண்டபத்துக்குப் பின்னாலிருந்த பெட்டியின் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெயில் முதுகில் ஏறும்வரை அங்கேயே இருந்தார். பிறகு இறங்கி, தவளைகளை ஒவ்வொன்றாக எடுத்து அரளிச் செடியடியில் புதைத்தார்.

எலக்ட்ரீஷியன் வந்தார். பெட்டியிலிருந்து பம்ப் வரை ஒட்டே இல்லாத புது ஒயர் போட்டார். மண்வெட்டி எட்டாத ஆழத்தில் குழாய்க்குள் அதைப் புதைத்தார். எர்த்தைச் சரிபார்த்தார். பம்ப்பை டிரிப்பர் வழியாகவே கொடுத்தார். அதிலிருந்த சிறு பொத்தானைக் காட்டி, இதை அமுக்கினால் விசை விழ வேண்டும், விழாத அன்று யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சித்திரை வந்தது. மாலை மணி அடித்தது. நஞ்சப்பன் வாயை மூடினார்.

விடியலில் எல்லோரும் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நஞ்சப்பனின் கரை காலியாக இருந்தது. அம்மா எதிர்க்கரையில் காத்து நின்றார்.

கல் தாமரையில் நீர் சட்டென்று விழுந்தது. குளம் அமைதியானது. பிறகு மெல்ல மறுபடியும் எழுந்தது.

மண்டபத்துக்குப் பின்னாலிருந்து நஞ்சப்பன் வந்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு தன் படியில் நின்றார்.

அம்மா தண்ணீரில் காலை வைத்தார்.