கிளட்ச்சில் வைத்த கால்

கிட்டுசாமிக்கு முதல் துரோகம் செய்தவன் சென்னியப்பன். யாரைப் பார்த்தாலும் கிட்டுசாமி இதைத்தான் முதலில் சொல்வார். வணக்கம்கூட அதற்கு அப்புறம்தான்.

இருவரும் வாலிபத்தில் ஒரே ரேஸில் ஓடினார்கள். மேற்கு வளைவில் சென்னியப்பன் பின்னாலிருந்து இடித்தான். கிட்டுசாமியின் வண்டி டயர்ச் சுவரில் போய் மோதியது. இடது முழங்கால் நொறுங்கியது.

சென்னியப்பன் நிற்கவில்லை. போய்க் கோப்பையை வாங்கிக்கொண்டான். கேட்டவர்களிடம், "கிட்டுவுக்குக் கிளட்ச் மிதிக்கத் தெரியலை. அவனாப் போயி முட்டிக்கிட்டான்" என்றான்.

ஊர் அதை நம்பியது.

அப்புறம் கிட்டுசாமி பம்ப்செட் பட்டறை வைத்தார். கார் வாங்கினார், வீடு கட்டினார், பேரன் பேத்தி எடுத்தார். முழங்கால் மட்டும் பழையபடி ஆகவில்லை. மனசும் அப்படித்தான்.

ஒரு நாள் அவர், அன்றைக்கு அடிபட்ட, கோவைக்குத் தெற்கே இருக்கும் அதே ரேஸ் மைதானத்துக்குப் போனார். அங்கே அமுதவல்லி என்பவர் ரேஸ் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நாற்பது வயதுதான். ஆனாலும் எல்லோருக்கும் அவர் வாத்தியாரம்மா.

"வாத்தியாரம்மா, ரேஸ் கார் வாங்கப் போறேன். கையால கியர் போடறது வாங்கட்டுமா, டூயல் கிளட்ச் வாங்கட்டுமா?"

"எதுக்குங்க கார்?"

"தை மாசம் பழைய ஆளுக ரேஸ் வெச்சிருக்காங்க. சென்னியப்பன் பேர் கொடுத்திருக்கான்."

"அவரை முந்தோணுமாக்கும்?"

"முந்தோணும். முந்திப்போட்டு, 'இடிச்சது நான்தான்'னு ஊர் முன்னால அவன் வாயால சொல்ல வெக்கோணும். அது எனக்கு வர வேண்டியதுங்க."

வாத்தியாரம்மா அவருடைய இடது முழங்காலைப் பார்த்தார். அங்கே நின்ற சிவப்புக் காரைக் காட்டினார்.

"உட்காருங்க."

கிட்டுசாமி உட்கார்ந்தார். காலடியில் குனிந்து தேடினார்.

"கிளட்ச்சைக் காணமுங்க."

"உள்ளே ரெண்டு இருக்குது. ஒண்ணு மூணாவது கியர்ல ஓடறப்பவே, இன்னொண்ணு நாலாவதைத் தயாரா வெச்சிருக்கும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால இருக்கற இந்தத் தகட்டை விரலால தட்டுனாப் போதும்."

"மிதிக்க ஒண்ணுமே இல்லீங்களா?"

"மிதிச்சுப் பிடிச்சு வெச்சுக்க ஒண்ணுமில்லீங்ணா."

அவர் ஓட்டினார். மேற்கு வளைவு வந்தது. கியர் மாற்ற வேண்டிய இடம். விரல் தகட்டைத் தட்டுவதற்குள் இடது கால் பழைய புத்தியில் ஓங்கி மிதித்தது. அங்கே கிளட்ச் இல்லை. பிரேக் இருந்தது.

கார் மூக்கால் தரையைக் குத்தப் போவதுபோல் குனிந்தது. சுற்றியது. வந்த திசையையே பார்த்துக்கொண்டு புல்லில் போய் நின்றது.

வாத்தியாரம்மா நடந்து வந்தார்.

"இந்தக் காலு என்ர பேச்சைக் கேக்க மாட்டேங்குதுங்க" என்றார் கிட்டுசாமி.

வாத்தியாரம்மா அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். கீழே குனிந்து, அந்த இடது காலை இருக்கையோடு சேர்த்துக் கட்டினார்.

"மாட்டைக் கட்டறாப்ல கட்டறீங்களே?"

"மாடாச்சும் சொன்னாக் கேக்கும். போங்க."

கட்டிய காலோடு கிட்டுசாமி ஓட்டினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கைக்குப் பழைய ஞாபகம் திரும்பியது. மேற்கு வளைவு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பொழுது சாய்கிற வரைக்கும் ஓட்டினார். நிறுத்தியபோது சட்டை நனைந்திருந்தது. கிட்டுசாமி சிரித்துக்கொண்டிருந்தார். பட்டறையில் இருபது வருஷம் கூடவே வேலை செய்தவர்கள்கூட அந்தப் பல்லைப் பார்த்ததில்லை.

"பறக்குதுங்க, வாத்தியாரம்மா! பறக்குது!"

"சென்னியப்பன் ஞாபகம் வந்துச்சுங்களா?"

சிரிப்பு நின்றது.

கிட்டுசாமி யோசித்தார். வரவில்லை. மேற்கு வளைவில்கூட வரவில்லை.

அவர் குனிந்து துண்டின் முடிச்சைப் பிய்த்தார்.

"எனக்கு இந்தக் கார் வேண்டாமுங்க."

"ஏனுங்ணா?"

"இந்தக் காலு இல்லாமயே என்னால இப்படி ஓட்ட முடியும்னா, அப்புறம் அவன் என்கிட்ட இருந்து எதை எடுத்தான்? ஒண்ணுமே எடுக்கலைன்னு ஆயிருமுங்களே!"

வாத்தியாரம்மா துண்டை மடித்து அவர் தோளில் போட்டார். பிறகு சாம்பல் நிறக் காரைக் காட்டினார். அதில் மூன்று பெடல் இருந்தது.

கிட்டுசாமி ஏறி உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்தார். முழங்காலில் பிடித்த வலி இடுப்பு வரைக்கும் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"வலிக்குதுங்களா?"

"வலிக்குது" என்றார் கிட்டுசாமி, திருப்தியாக. "இதுதான் என்ர வண்டி."

தை பிறந்தது.

கிட்டுசாமியின் கார் சாம்பல் நிறம். அதற்குப் பக்கத்திலேயே சென்னியப்பனின் கார் நின்றது. யாருடைய வண்டியிலிருந்தோ ஓடுபாதையில் எண்ணெய் கொட்டிவிட்டது. மண்ணைப் போட்டுக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். கொடி அசைய நேரமாகும்.

வாத்தியாரம்மா ஜன்னலருகே வந்தார். "கியரை நியூட்ரல்ல போட்டுட்டுக் காலை எடுத்து வைங்கண்ணா."

"வேண்டாமுங்க. நான் தயாரா இருக்கோணும்."

முதல் கியர் விழுந்திருந்தது. கால் கிளட்ச்சில் இருந்தது. கிட்டுசாமி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அப்போது சென்னியப்பன் தன் காரிலிருந்து இறங்கினான். கிழவனாகியிருந்தான். ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். இரண்டு காருக்கும் நடுவில் வந்து நின்று, விரலால் கண்ணாடியைத் தட்டினான்.

"கிட்டு, கண்ணாடியை இறக்கு. உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

கிட்டுசாமி நேராகப் பார்த்தார். முந்தின பிறகு கேட்க வேண்டியது அது. ஊர் முன்னால் கேட்க வேண்டியது. இப்படிக் கண்ணாடிச் சந்தில் குசுகுசுவென்று வாங்கிக்கொள்ள அவர் என்ன பிச்சைக்காரரா?

சென்னியப்பன் மறுபடியும் தட்டினான். பிறகு உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போய்விட்டான்.

கண்ணாடியில் கை அச்சு இருந்தது.

கொடி அசைந்தது. எல்லாக் கார்களும் பாய்ந்தன. கிட்டுசாமி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். இடது காலை எடுக்கப் பார்த்தார். அத்தனை நேரம் மிதித்திருந்த காலில் குரக்கு பிடித்துக்கொண்டது. கால் கட்டையாக விறைத்துப் பெடலைத் தரையோடு தரையாக அழுத்தியது. கிளட்ச் விடாததால் இன்ஜின் மட்டும் அலறியது. கார் நின்ற இடத்திலேயே நின்றது. தொடையில் குத்தினார். பல்லைக் கடித்தார். கால் வரவில்லை.

முன்னால் போன கார்கள் மேற்கு வளைவை எட்டின.

மற்றக் கார்களெல்லாம் வளைந்து திரும்பின. சென்னியப்பனின் கார் மட்டும் திரும்பவில்லை. பிரேக் சத்தமும் கேட்கவில்லை. நேராகப் போய் டயர்ச் சுவரில் மோதி நின்றது.

ஜனங்கள் ஓடினார்கள். வெளியே தூக்கியபோது மூச்சு இல்லை. வளைவுக்கு முன்னாலேயே நெஞ்சு நின்றுபோயிருக்கும் என்றார் டாக்டர்.

வாத்தியாரம்மா அங்கிருந்து நடந்து வந்து சாம்பல் காரின் கதவைத் திறந்தார். இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அவரு போயிட்டாருங்ணா."

கிட்டுசாமி அசையவில்லை. "அங்க யாருகிட்டயாச்சும் ஏதாச்சும் சொன்னானுங்களா?"

"இல்லீங்க. சொல்லறதுக்குத்தான் உங்ககிட்ட வந்தாரே."

வாத்தியாரம்மா குனிந்து பார்த்தார். குரக்கு எப்போதோ விட்டிருந்தது. கால் மட்டும் கிளட்ச்சில் இருந்தது.

"காலை எடுங்கண்ணா."

கிட்டுசாமி கண்ணாடியிலிருந்த கை அச்சைப் பார்த்தார்.

"எப்படீங்க எடுக்கறது?" என்றார். "அவன் இன்னும் சொல்லலையே."