மூன்றாம் ஓலை

"அவர் என்னைக் கூப்பிடல. அப்படி ஒரு வார்த்தை சொல்லுங்க சிஸ்டர். நான் நிம்மதியா வீட்டுக்குப் போயிருதேன்."

செலஸ்தீனா இப்படித்தான் வந்து நின்றாள். தோத்திரம் என்று ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

சிஸ்டர் கொன்சாகா கிணற்றடியில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்பாரற்ற நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் கடற்கரை மடம் அது. அவர்தான் அங்கே தலைவி. தலைவி மீன் ஆய்வதா என்று கேட்கிறவர்கள் அங்கே சாப்பிட்டதில்லை.

"எவர்?" என்றார் சிஸ்டர்.

"ஆண்டவர்தான். வேற எவர்?"

"அதை ஏன் என்கிட்ட கேக்க?"

"வேற யாருகிட்ட கேக்க?"

சிஸ்டர் ஒரு கத்தியை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

செலஸ்தீனா கோபத்தோடு உட்கார்ந்து கோபத்தோடு செதில் உரித்தாள்.

அன்று காலைதான் அவள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்திருந்தார்கள். மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். இன்னாரும் இன்னாரும் மணமுடிக்கப் போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குச்சாமியார் கேட்பார். கேட்பது வழக்கம். பதில் சொல்வது வழக்கமில்லை.

மாப்பிள்ளை தொபியாஸ், படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். நல்லவன். அதுதான் தொந்தரவே. கெட்டவனாக இருந்திருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும்.

"நோயாளிகளைப் பார்க்க ஆள் இல்லைன்னு ஒரு வாரத்துக்குத்தானே என்னை வரச் சொன்னீங்க?" என்றாள் செலஸ்தீனா. "வருசம் ஒண்ணாச்சு. நேத்து கல்யாணப் பட்டு எடுக்கப் போனோம். கடைக்காரன் விரிச்சு விரிச்சுக் காட்டுதான். எனக்கு என்ன ஓடுது தெரியுமா? இங்க மூணாவது கட்டில் ஆச்சிக்குப் புண்ணுக்குக் கட்டு மாத்திருப்பாங்களா, மாட்டாங்களான்னு ஓடுது. இது என்ன கொடுமை? எனக்குப் பட்டு பிடிக்கும். கட்டிக்கப் போற அவுகளையும் பிடிக்கும். நான் என்ன கேட்டேனா இதை?"

"மாத்தியாச்சு" என்றார் சிஸ்டர்.

"என்னது?"

"கட்டு."

செலஸ்தீனாவுக்கு மீனை எடுத்து எறியலாம் போலிருந்தது.

"மடத்துல சேர ஆண்டவர் அழைக்கிற அழைத்தல்னா மனசுல சமாதானம் வரும்னு தியானத்துல சாமி சொன்னாரு. எனக்கு எரியுது. அப்ப இது அழைத்தல் இல்லைதானே?"

"சமாதானமா நான் ஒரு நாளும் இருந்ததில்ல" என்றார் சிஸ்டர். "தலையை இன்னும் ஒட்ட நறுக்கு. பாதி மீன் வீணாப் போகுது."

*

இரண்டாம் ஓலை வாசித்த அன்று மத்தியானம் மறுபடியும் வந்தாள். இந்த முறை ஒரு யோசனையோடு வந்தாள். யோசனை மோசமானது.

"தடை தெரிஞ்சவங்க சொல்லணும்னு கேக்காங்கள்ல. உங்களுக்குத்தான் தெரியுமே. நீங்க போய்ச் சாமிகிட்ட சொல்லிருங்க."

"என்னன்னு?"

"இந்தப் பிள்ளைக்கு இறை அழைத்தல் இருக்குன்னு. நீங்க சொன்னா கேப்பாரு. எங்க வீட்லயும் வாயை மூடிக்கிடுவாங்க."

சிஸ்டர் கொன்சாகாவின் முகம் சிவந்ததை அன்றுதான் செலஸ்தீனா பார்த்தாள்.

"தொபியாஸ் கேட்டா சிஸ்டர் சொல்லிட்டாங்கன்னு சொல்லுவ. உங்க அம்மை கேட்டா ஆண்டவர் கூப்பிட்டார்னு சொல்லுவ. அவர் தலையில கொஞ்சம், என் தலையில கொஞ்சம். உன் தலையில என்னட்டி இருக்கும்? பூவா?"

"சிஸ்டர்..."

"முதல்ல சொல்ல வேண்டிய ஆளு படகுத்துறையில எஞ்சினைக் கழட்டிக்கிட்டு இருக்கான். கல்யாணத்துக்கு வெள்ளைச் சட்டை தைக்கக் குடுத்திருக்கான். அவன்கிட்ட சொல்லத் துணிவில்லாம என்கிட்ட வந்து அழைத்தல் பேசுத. எந்திரி. வெளிய போ."

கதவைச் சாத்திவிட்டார். ஓங்கித்தான் சாத்தினார்.

செலஸ்தீனா தெருவில் நின்று கதவைப் பார்த்து, "நீங்கள்லாம் ஒரு சிஸ்டரா!" என்று கத்தினாள். கத்திவிட்டு வீடு வரைக்கும் அழுதாள்.

*

மூன்றாம் ஞாயிறு. விடிந்ததும் படகுத்துறைக்குப் போனாள்.

தொபியாஸ் கை நிறைய கிரீஸோடு எழுந்து நின்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தும், கல்யாணம் வேண்டாம், ஆண்டவர்கிட்ட போறேன் என்று சொன்னாளே, அதற்கே ஒரு நெஞ்சு வேண்டும்.

 அவன் கையிலிருந்த ஸ்பானரை மணலில் வீசினான்.

"ஒருத்தன் பேரைச் சொல்லு. போய் அவன் சட்டையைப் பிடிக்கேன். நீ சொல்லுத ஆளு சட்டையை நான் எப்படிப் பிடிக்க?"

"எனக்கும் அதே கோபம்தான்."

"உனக்கு என்ன கோபம்? ரெண்டு ஓலை ஊரறிய வாசிச்சாச்சு. இன்னைக்கு நின்னுபோனா என்கிட்ட என்ன குறைன்னுதான் ஊரு கேக்கும்."

"நான் சாமியைப் பார்த்து..."

"ரகசியமா யாரையும் பார்க்க வேண்டாம். ஊரறிய வாசிச்சதை ஊரறிய நிறுத்து. நீயே சொல்லு."

அவன் கேட்டது நியாயம். நியாயம் என்பதால் அவள் நேரே கோயிலுக்கு நடந்தாள்.

பூசையில் சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் அடுத்த காகிதத்தை எடுத்தார்.

"தடை இருக்கு சாமி."

கோயில் முழுக்கத் திரும்பியது.

"தடை நான்தான்" என்றாள் செலஸ்தீனா.  "அவுகமேல ஒரு குறையும் கிடையாது. நான் மடத்துக்குப் போறேன். யாரும் போகச் சொல்லல. நான் போறேன்."

கோயில் வாசலிலேயே அவள் அம்மை அறைந்தாள். தொபியாஸின் அம்மை மண்ணை வாரித் தூற்றினாள். தொபியாஸ் யாரையும் பார்க்காமல் கடலைப் பார்த்து நடந்துவிட்டான்.

*

மடத்துக் கதவை அவள் கையால் தட்டவில்லை, காலால் உதைத்தாள்.

சிஸ்டர் கொன்சாகா திறந்தார். கன்னத்தில் பதிந்திருந்த ஐந்து விரலையும் பார்த்தார். 

"எல்லாம் போச்சு" என்றாள் செலஸ்தீனா. "அவுக போயாச்சு. வீடு போச்சு. ஊரு காறித் துப்புது. இப்பவாவது சொல்லுங்க. கூப்பிட்டாரா, இல்லையா?"

"மூணு ஞாயிறா என்கிட்டயே கேட்டுக்கிட்டிருக்க" என்றார் சிஸ்டர்.

கதவை விட்டு நகர்ந்து வழிவிட்டார். கைநீட்டி உள்ளே காட்டினார். முற்றத்துக்கு அந்தப் பக்கம் சிற்றாலயம் திறந்து கிடந்தது.

செலஸ்தீனா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முழந்தாளிடவும் இல்லை. ஆண்டவர் இருக்கும் நற்கருணைப் பேழைக்கு முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஒரு வார்த்தை சொன்னீரா? ஒரே ஒரு வார்த்தை? அந்த மனுசன் முகத்தை நீர் பார்த்தீரா? எங்க அம்மை முகத்தைப் பார்த்தீரா? வாயைத் திறக்காம எம்புட்டு நேரம் இப்படியே இருப்பீரு?"

சத்தம் சமையலறை வரைக்கும் போயிற்று. சமையல் பார்க்கும் சிஸ்டர் கரண்டியோடு பதறி ஓடிவந்தார்.

"யாரு மதர் அது? சிற்றாலயத்துல நின்னு சண்டை போடுதா?"

சிஸ்டர் கொன்சாகா அவரைத் தடுத்தார். சிற்றாலயத்தின் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"மெதுவாப் பேசும்மா" என்றார். "உள்ள ஒருத்தி ஜெபம் பண்ணுதா."