நாழிகைக்கு ஒரு கேள்வி

ஆற்றங்கரையை ஒட்டி ஒரு நாடு. அதை வில்லவராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான் ஒரு காலத்தில். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நினைத்தது நினைத்த மாத்திரத்தில் நடந்தாக வேண்டும் அவனுக்கு. மதியம் சாப்பிட்டதும் தூங்கியாக வேண்டும். தூக்கம் கெட்டால் அன்றைக்கு அரண்மனையில் யாரும் வாய் திறக்க முடியாது.

அந்த ஊரில் மாடத்தி என்று ஒரு பாய்க்காரி இருந்தாள். பகல் முழுக்க, சிப்பாய்கள் தங்குகிற படைவீட்டுக்குப் பாய் நெய்வாள். அதுதான் அவள் வீட்டு அடுப்பை எரியவைத்தது. ஆனால் விடியற்காலையில் இரண்டு நாழிகை மட்டும் அவள் தனக்கென்று ஒரு பாய் நெய்தாள். வெள்ளம் வந்த ஆறு, அதில் எதிர்த்து ஏறும் மீன்கள். அப்படி ஒரு பாயை அதுவரை யாரும் நெய்ததில்லை. கோரையை மயிரிழையாகக் கிழித்து நெய்கிற வேலை அது. ஈரம் இருக்கிறவரைதான் அந்த இழை வளைந்து கொடுக்கும், வெயில் ஏறினால் ஒடியும். ஆகவே அவளுக்கு அந்த விடியற்காலையை விட்டால் வேறு நேரம் கிடையாது. மூன்று வருஷத்தில் பாதிப் பாய்தான் ஆகியிருந்தது.

ஒருநாள் ராஜா அந்தத் தெரு வழியாகப் போனவன், தறியில் கிடந்த பாதிப் பாயைப் பார்த்துவிட்டான். பார்த்தால் சும்மா இருப்பானா? அடுத்த பௌர்ணமிக்குள் முடித்துக் கொடு, மதியத் தூக்கத்துக்கு எனக்கு இதுதான் வேண்டும் என்றான். பௌர்ணமிக்கு இருந்தது பதினெட்டு நாள்.

முடியாது மகாராஜா என்று மாடத்தி உள்ளதைச் சொன்னாள். கூட இருந்த அகோரநாதர் என்ற பண்டகசாலை அதிகாரிக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. தான் தேடித் தேடி வாங்கிக் கொடுத்த பட்டு விரிப்பை ராஜா ஒருநாளும் இப்படி நின்று பார்த்ததில்லை என்ற வயிற்றெரிச்சல் அவருக்கு. இவளுக்குச் சோம்பல், வேறொன்றுமில்லை, நாழிகைக்கு ஒரு ஆள் போய் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டால் தானாக முடியும் என்று ஓதினார். பௌர்ணமிக்குள் முடியவில்லையென்றால் பாயை இருக்கிற மட்டில் அறுத்து எடுத்துவிடலாம், தறியையும் பிடுங்கிவிடலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். ராஜா சரியென்று தலையாட்டிவிட்டான்.

மறுநாள் விடியற்காலையிலிருந்தே ஆள் வர ஆரம்பித்தது. வாசலில் நின்று, எத்தனை விரற்கடை ஆயிற்று என்று கேட்கும். மாடத்தி கையை நிறுத்தி, விரலை வைத்து அளந்து சொல்லி, திரும்ப இழையை எண்ணிப் பிடிப்பதற்குள் கோரை காய்ந்துவிடும். எட்டு நாளில் அரை விரற்கடைகூட ஏறவில்லை. அதிலும் ஒரு மீனுக்கு வால் கோணல். மூன்று வருஷ உழைப்பைக் கத்தி போட்டு அறுக்கப்போகிறார்களே என்று பாவம், தறியடியிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு நேரே சபைக்குப் போனாள்.

"தப்பு என்னுடையதுதான் மகாராஜா. படுக்கிறவரின் தூக்கம் தெரியாமல் பாய் நெய்ய உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாளைக்கு நீங்கள் மதியம் படுத்ததும், நாழிகைக்கு ஒரு தரம் யாராவது வந்து, தூக்கம் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டு எனக்குச் சொல்ல வேண்டும். அகோரநாதர் ஐயாவே கேட்டால் அளவு பிசகாது" என்றாள்.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது, சம்மதித்தான். அகோரநாதருக்குத் தலைகால் புரியவில்லை. ராஜாவின் படுக்கையறைக்குள் போக யாருக்கு வாய்க்கும்?

முதல் நாள் அவர் கேட்டபோது, இப்போதுதான் கண்ணயர்ந்தேன் என்று ராஜா சிரித்துக்கொண்டே சொன்னான். இரண்டாம் நாள் சிரிப்பில்லை. மூன்றாம் நாள் ஒரு தலையணை பறந்து வந்து அகோரநாதரின் தலைப்பாகையைத் தள்ளியது. கண் சிவக்க ராஜா சபைக்கு வந்து மாடத்தியைக் கூப்பிட்டான்.

"என்ன காரியம் செய்தாய் நீ? மூன்று நாளாக ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. இந்த மனுஷர் வந்து கேட்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இதோ வருவார், இதோ வருவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறேனே, அதில்தான் எல்லாம் போகிறது."

"எனக்கும் அதேதான் மகாராஜா" என்றாள் மாடத்தி. "ஆள் வந்து நிற்கிறது கொஞ்ச நேரந்தான். வருவாரே என்கிற நினைப்பு விடியற்காலை முழுவதையும் தின்றுவிடுகிறது. எனக்கு ஒரு நாளில் இருப்பதே அந்த இரண்டு நாழிகை."

ராஜாவுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. பிறகு, பொன் வேண்டுமா, பெரிய வீடு வேண்டுமா, கேள் என்றான்.

"படைவீட்டுப் பாய் என் பிழைப்பு, அது நடக்கட்டும். என் விடியற்காலையை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்."

ராஜா கொடுத்தான். படைவீட்டுப் பாயில் பாதியைக் குறைத்து, கூலியைக் குறைக்காமல், இரண்டு நாழிகையை நான்காக்கினான். பௌர்ணமிக் கெடுவையும் ரத்து செய்தான். விடியற்காலையில் அந்த வீட்டுப் பக்கம் கேள்வியோடு யாரும் போகக்கூடாது, நானே வந்தாலும் விடக்கூடாது என்று உத்தரவு போட்டான். தெருமுனையில் நின்று காவல் பார்க்கும் வேலை அகோரநாதருக்கு. பட்டு அங்கவஸ்திரம் பனியில் நனைய அவர் தினமும் அங்கே நின்றார்.

நின்றவர் சும்மா நிற்கவில்லை, தறியை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டேயிருந்தார். ஒரு மாதம் கழித்து, வெற்றிலை போட்ட வாயெல்லாம் சிரிப்பாகச் சபைக்கு ஓடிவந்தார். "மகாராஜா, இவளுக்குச் சோம்பல் என்று நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா? பாய் போன மாதத்தைவிட ஒரு விரற்கடை குறைந்திருக்கிறது. வால் கோணின மீன் இருந்த இடத்தை அவளே உட்கார்ந்து பிரிக்கிறாள், என் கண்ணால் பார்த்தேன்."

ராஜா நிமிர்ந்து பார்த்தான். "பிரிக்கிறாளா? அப்படியானால் இப்போதுதான் அவளுக்கு நேரம் கிடைத்திருக்கிறது" என்றான்.