அழுத்தம் ஒரே வரிக்கு

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடையின் மாடியில் கணினி வகுப்பு நடத்திவந்தார் எபினேசர். முப்பது வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. அவர் கணினியின் திரை எப்போதும் அணைந்தே கிடக்கும். கணினியில் வரும் எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருள் ஒன்று இருந்தது. அவருக்கு அது போதும்.

அங்கே படிக்க வந்தவர்களில் மூத்தவள் தவமணி. நாற்பதைத் தாண்டியவள். வடமதுரையில் இட்லி மாவு அரைத்து விற்கும் கடை வைத்திருந்தாள். இளவயதில் கபடி ஆடியவள். முழங்கால் போனதும் களத்தை விட்டாள், மைக்கைப் பிடித்தாள். சுற்றுவட்டாரத்தில் எங்கே கபடிப் போட்டி நடந்தாலும் வர்ணனைக்கு அவளைக் கூப்பிடுவார்கள். காலை ஆட்டங்கள், உச்சி வெயிலில் நடக்கும் ஆட்டங்கள் எல்லாம் அவளுக்கு. சாயங்காலம் இறுதி ஆட்டம் தொடங்கும்போது சவுந்தரபாண்டி என்கிற மூத்த வர்ணனையாளர் வந்து கையை நீட்டுவார். அவள் மைக்கைக் கொடுத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிடுவாள்.

"ஃபைனலுக்கு ஆம்பளைக் குரல்தாம்மா எடுக்கும்" என்பார்கள். யாரும் அதைக் கோபமாகச் சொன்னதில்லை. அதனால் அவளுக்கும் பதிலுக்குக் கோபப்பட வழி இல்லாமல் போனது.

அந்த வருடம் பெண்களுக்கான மாநில அளவுப் போட்டி திண்டுக்கல்லுக்கு வந்தது. வர்ணனை செய்ய விரும்புகிறவர்கள் போட்டிக் குழுவின் இணையதளத்தில் தங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவைக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் யாருக்கு எந்த ஆட்டம் என்று முடிவாகும் என்றார்கள். எழுதுவதற்கு வெறுமனே ஒரு கட்டம் இருந்தது. தலைப்பு வேண்டுமா, தடித்த எழுத்து வேண்டுமா, பத்தி பிரிக்க வேண்டுமா, அதற்கான குறிகளை, எச்டிஎம்எல் டேக்குகளை, நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

தவமணி முதல் தடவை எழுதிச் சேமித்துப் பார்த்தபோது, எல்லா வரிகளும் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"வரி வரியாத்தான் சார் அடிச்சேன்."

"என்டர் தட்டுனீங்களா அக்கா?"

"ஒவ்வொரு வரிக்கும் தட்டுனேன்."

"அது உங்களுக்குத் தெரியும். பக்கத்துக்குத் தெரியாது. இந்த இடத்துல பத்தி ஆரம்பிக்குது, இந்த இடத்துல முடியுதுன்னு நீங்கதான் அதுக்குச் சொல்லணும்."

பத்திக்கான டேக்கைச் சொல்லிக்கொடுத்தார். தொடங்க ஒன்று, முடிக்க ஒன்று. முடிக்கிறதில் மட்டும் ஒரு சாய்கோடு கூடுதல். பிறகு தடித்த எழுத்துக்கு ஒன்று.

அவள் சட்டென்று பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டாள். கடையில் மாவு அரைபடும் நேரமெல்லாம் போனில் தேடி, நிறம் மாற்றுவது, எழுத்தைப் பெருக்குவது, வரியைப் பக்கத்தின் நடுவில் நிறுத்துவது என்று எல்லாவற்றையும் கற்றாள். பெயரைச் சிவப்பில் பெரிதாகப் போட்டாள். வர்ணித்த போட்டிகளை நீலத்தில், வாங்கிய பரிசுகளைப் பச்சையில். ஓரிடத்தில் தடித்த எழுத்தை மூடும் டேக்கை மறந்துவிட்டாள். அதற்குக் கீழே இருந்த அத்தனையும் தடித்துப்போனது. பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அப்படியே விட்டுவிட்டாள்.

மறுநாள் வகுப்புக்கு ஒரு டப்பா மாவோடு வந்தாள்.

"சார், பக்கம் முடிஞ்சிருச்சு. பாத்துச் சொல்லுங்க."

எபினேசர் அவள் பக்கத்தைத் தன் கணினியில் திறந்தார். கணினி படித்தது. ஏற்ற இறக்கம் இல்லாத குரல். தவமணி வடமதுரை கபடி வர்ணனை முன்னாள் மாவட்ட அணி வீராங்கனை கணீர்க் குரல் அனல் பறக்கும் வர்ணனை என்று எல்லாம் ஒரே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது. அவர் பாதியில் நிறுத்தினார்.

"உங்க பேரு எங்க இருக்கு அக்கா?"

"மேலயே இருக்கே சார். பெருசா, சிவப்பா."

"எனக்கு வரலையே."

அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் இரண்டு வாரத்து உழைப்பு அவளை விடவில்லை.

"செலக்ட் பண்றவங்களுக்குக் கண்ணு இருக்கு சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பக்கத்து மேசையில் தட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

எபினேசர் முகம் மாறவில்லை. "அது சரிதான்" என்றார். "சிவப்புன்னா என்னக்கா?"

"சிவப்பு ஒரு கலர் சார்."

"அது தெரியும். எதுக்குப் போட்டீங்க?"

"அது முக்கியம்னு தெரியறதுக்கு."

"அப்ப முக்கியம்னு எழுதாம சிவப்புன்னு எதுக்கு எழுதுனீங்க?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தன் போனை எடுத்து நீட்டினார்.

"இதுல ஏதாச்சும் ஒரு கபடி மேட்ச் போடுங்க. சத்தத்தை நிறுத்திருங்க. நீங்க எனக்கு வர்ணனை பண்ணுங்க."

இது அவள் களம். போனைச் சுவரில் சாய்த்துவைத்து எழுந்து நின்றாள். அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தாள். அனல் பறந்தது. ஆஹா என்றாள், அற்புதம் என்றாள், புலிப் பாய்ச்சல் என்றாள், மின்னல் வேகம் என்றாள். கீழே மருந்துக்கடைக்காரர் மாடிப்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. வகுப்பில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

எபினேசரும் கை தட்டினார். பிறகு கேட்டார்.

"புலி மாதிரி பாய்ஞ்சது யாரு? பாடிப் போனவளா, பிடிக்க வந்தவளா?"

"பிடிக்க வந்தவ சார்."

"எந்தப் பக்கம் இருந்து?"

"இடது மூலையில இருந்து."

"பாடிப் போனவ கோட்டுக்குத் திரும்பிட்டாளா?"

"இல்ல சார், அவுட்டு."

"ஓ" என்றார். "நான் அவ ஜெயிச்சிட்டான்னு நினைச்சு கை தட்டிட்டேன்."

தவமணி உட்கார்ந்தாள். அவள் எத்தனை மைதானங்களில், எத்தனை பேருக்கு முன்னால் நின்று பேசியிருக்கிறாள். கூட்டத்தின் கடைசி வரிசையில் தலைகளுக்குப் பின்னால் நிற்கிறவர்கள், டீக்கடையிலிருந்து ஒலிபெருக்கியைக் கேட்கிறவர்கள், பந்தலுக்கு வெளியே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் பெண்கள். அவர்கள் யாருக்கும் அவள் ஒன்றையும் காட்டியதில்லை என்று பட்டது.

"எல்லாத்தையும் எடுத்துர்றேன் சார்" என்றாள்.

"எடுங்க. எடுத்துட்டு, எது என்னன்னு மட்டும் சொல்லுங்க."

சிவப்பும் நீலமும் பச்சையும் போயின. நடுவில் நிறுத்தியது போயிற்று. பெயருக்குத் தலைப்பு டேக் போட்டாள். ஆடிய காலம், வர்ணித்த போட்டிகள், தொடர்புக்கு என்று மூன்று துணைத் தலைப்புகள். போட்டிகளைப் பட்டியல் டேக்குக்குள் ஒவ்வொன்றாக அடுக்கினாள். கணீர்க் குரல், அனல் பறக்கும் என்பதையெல்லாம் அழித்தாள். அழிக்கும்போது வலித்தது. தன் வர்ணனையின் ஒலிப்பதிவுக்கு ஓர் இணைப்பு வைத்திருந்தாள். அதில் 'இங்கே அழுத்தவும்' என்று இருந்தது.

"அழுத்துனா என்ன வரும்?" என்று கேட்டார் எபினேசர்.

'வடமதுரைக் கால் இறுதி ஆட்ட வர்ணனை' என்று மாற்றினாள்.

பிறகு பக்கத்தைச் சேமித்துத் திரையில் பார்த்தாள். கறுப்பு எழுத்து, வெள்ளைப் பக்கம்.

"தாலி அறுத்தவ மாதிரி இருக்கு சார் பக்கம்."

எபினேசர் சிரித்தார். "ஒரு நகை போட்டுக்கலாம். தடித்த எழுத்து, ஒரே ஒரு வரிக்கு. எந்த வரின்னு நீங்கதான் சொல்லணும்."

அவள் பக்கத்தை மேலும் கீழும் உருட்டினாள். மாவட்ட அணிக்கு ஆடியதைச் சொல்லலாமா? பெரிய மனிதர் ஒருவர் மேடையில் பொன்னாடை போர்த்தியதைச் சொல்லலாமா? ஒவ்வொன்றுக்கும் டேக்கைப் போட்டுப் பார்த்தாள். எடுத்தாள். எதுவும் அந்த எடையைத் தாங்கவில்லை. கடையைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் பட்டியலுக்குக் கீழே புதிதாக ஒரு வரி அடித்தாள். அடித்துவிட்டுத் தானே ஒருமுறை வாய்க்குள் படித்துக்கொண்டாள்.

"சார், வாசிக்கட்டுமா?"

"வாசிங்க."

"இத்தனை வருடத்தில் ஒரு இறுதி ஆட்டத்துக்கும் எனக்கு மைக் தரப்படவில்லை."

வாசித்துவிட்டு அந்த வரிக்கு முன்னால் டேக்கைப் போட்டாள்.

"இதுக்குத்தான் சார் தடிப்பு."

எபினேசர் தலையசைத்தார். "மூடுற டேக்கை மறந்துராதீங்க" என்றார்.

அடுத்த மாதம் போட்டிக் குழுவின் செயலாளர் போன் செய்தார். மரியதங்கம் என்று ஓர் அம்மாள். அவரும் ஒரு காலத்தில் ஆடியவர்தான்.

"உங்க பக்கத்தை பஸ்ல வரும்போது போன்ல பாத்தேன்" என்றார். "மத்தவங்க பக்கமெல்லாம் தீபாவளி மாதிரி இருந்துச்சு, எதைப் படிக்கிறதுன்னே தெரியல. உங்களோடதுல ஒரே வரிதான் கண்ணுல குத்துச்சு. அப்புறம் அந்த ஒலிப்பதிவையும் கேட்டேன்."

"அது பழைய ஒலிப்பதிவுங்கம்மா" என்றாள் தவமணி. "அதுல நிறையக் கத்துறேன். இப்ப மாத்திக்கிட்டேன்."

"அப்ப ஃபைனல் உங்களுக்கு" என்றார் மரியதங்கம்.

தவமணி கடையைச் சாத்தினாள். பேருந்தில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தாள். மாடிப்படியில் முழங்கால் வலி தெரியவில்லை.

"சார், ஃபைனல் எனக்குத்தான்."

"சந்தோஷம்க்கா" என்றார் எபினேசர். முகம் முழுக்கச் சிரிப்பு. "உட்காருங்க. உங்க பக்கத்துல போட்டோ ஒண்ணு இருக்கு. அதுக்கு விளக்கம் எழுதாம விட்டுட்டீங்க. படத்துல என்ன இருக்கு?"

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், உள்விளையாட்டரங்கில். ஒட்டன்சத்திரத்து அணிக்கும் மணப்பாறை அணிக்கும். உள்ளே நிற்க இடமில்லாமல் வெளியே மரத்தடி வரை கூட்டம். வர்ணனை மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் எபினேசர் உட்கார்ந்திருந்தார். மேசைக்கு இந்தப் பக்கம் சவுந்தரபாண்டி. இன்று அவருக்கு முதல் ஆட்டம் கொடுத்திருந்தார்கள். முடித்துவிட்டுப் போகாமல் அங்கேயே இருந்தார்.

தவமணி கத்தவில்லை. முதல் சில நிமிடங்கள் கூட்டத்துக்கு அது பிடிபடவில்லை. யார் பாடிப் போகிறாள், எதிரில் எத்தனை பேர், யார் எந்த மூலையில் என்று சீராகச் சொல்லிக்கொண்டே போனாள். கொஞ்ச நேரத்தில், மரத்தடியில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியைப் பார்த்துத் திரும்பினார்கள்.

கடைசி நிமிடம். இரு அணியும் முப்பத்தொன்று. சவுந்தரபாண்டி எழுந்து வந்து, பழக்கத்தில் கையை நீட்டினார். தவமணி அவரைப் பார்த்தாள். மைக்கை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். அவர் ஒரு கணம் நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

"கடைசி ரெய்டு. ஒட்டன்சத்திரத்து மேகலா பாடி வருகிறாள். எதிரில் மூணு பேர். நடுவில் ரெண்டு பேர் கை கோத்திருக்கிறார்கள். இடது மூலையில் ஆள் இல்லை. வலது மூலையில் சுகிர்தா, குனிந்து நிற்கிறாள். மேகலா இடது பக்கம் போகிறாள். நிற்கிறாள். திரும்புகிறாள். வலது பக்கம் காலை நீட்டுகிறாள். சுகிர்தா பாய்ந்துவிட்டாள். மேகலாவின் கால் இன்னும் தரையில் ஊன்றவில்லை. குதிகாலில் விரல் பட்டது, பிடி கிடைக்கவில்லை. மேகலா குதிக்கிறாள். நடுக்கோடு."

அங்கே நிறுத்தினாள். நடுவரின் கை உயர்கிற வரைக்கும் பேசவில்லை.

"ஒட்டன்சத்திரம் முப்பத்திரண்டு."

அரங்கு வெடித்தது. வெளியே மரத்தடியில் இருந்தவர்களின் கூச்சல் உள்ளே கேட்டது. அவர்கள் ஒன்றையும் பார்க்கவில்லை. ஆனாலும் உள்ளே இருந்தவர்கள் கத்திய அதே நொடியில் அவர்களும் கத்தினார்கள். மரியதங்கம் மேசைக்கு ஓடிவந்து தவமணியைக் கட்டிக்கொண்டார். சவுந்தரபாண்டி ஒரு பாட்டில் தண்ணீரைத் திறந்து அவள் பக்கம் நகர்த்திவைத்தார்.

கூட்டம் கலைந்த பிறகு தவமணி எபினேசரிடம் வந்தாள். கண் நிறைந்திருந்தது.

"எப்படி இருந்துச்சு சார்?"

எபினேசர் எதையோ மனதில் ஓட்டிப் பார்ப்பவர் போல முகத்தைச் சற்றுச் சாய்த்திருந்தார்.

"அந்த வலது மூலைப் பொண்ணு அவசரப்பட்டுருச்சுக்கா" என்றார். "காலு தரையில ஊன்றட்டும்னு அரை மூச்சு பொறுத்திருந்தா, கணுக்கால் கைக்கு வந்திருக்கும்."