பட்டன் இருந்த குழி

"நான் எழுதுறதை எல்லாம் இந்த மெஷின் அழிச்சுப் போடுது, மக்களே. ரிப்பேர் பண்ணலாமா, புதுசு வாங்கலாமா? நீ ஒண்ணு சொல்லு, அதைக் கேக்கேன்."

லேப்டாப்பை மேசைமேல் வைத்துவிட்டு ஞானசிகாமணி மூச்சு வாங்கினார். அவருக்கு வயது அறுபத்தாறு. ஏறி வந்த படிகள் இருபத்திரண்டு.

பெனிலா தலையைத் தூக்கவில்லை. வேறொரு லேப்டாப்பின் வயிற்றுக்குள் கையை விட்டிருந்தாள்.

"இருங்க சார்."

இருந்தார்.

நாகர்கோவிலில் ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்கு மேலே அவளுடைய சர்வீஸ் கடை. முப்பத்து நான்கு வயது; ஆனாலும் அந்த ஊர்ப் பெரியவர்கள் வாயில் அவள் 'மக்களே'தான். கீழே வழி கேட்டால், "ஆசிரமத்துக்கா? மேல போங்க" என்பார்கள். கேலிதான். ஒரு கேள்வியோடு ஏறிப் போகிறவர்கள் வேறொரு கேள்வியோடு இறங்கி வருகிறார்கள் என்பது சிப்ஸ் கடைக்காரரின் நெடுநாள் புகார்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த மெஷினையும் வந்தவுடன் திறக்க மாட்டாள். கொண்டுவந்தவரை ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்த்தி, வீட்டில் என்ன செய்வாரோ அதையே செய்யச் சொல்வாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். பெரும்பாலும் ஆளைத்தான் பார்ப்பாள்.

"எதிர்க் கடையில காட்டினேன்," என்றார் ஞானசிகாமணி. "திறந்துகூடப் பாக்கல்ல. பதினோரு வருஷப் பழசு, தூக்கிப் போடுங்கன்னுட்டான். எனக்க அண்ணன் மகனும் அதையேதான் சொல்லுகான்."

"அப்பம் புதுசு வாங்க வேண்டியதுதானே?"

"வாங்கலாம்."

"பின்னே?"

லேப்டாப் மூடியில் பாதி உரிந்த பூனை ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. அதைப் பெருவிரலால் அழுத்தி ஒட்டப் பார்த்தார். அது மறுபடியும் சுருண்டது.

பெனிலா இப்போது தலையைத் தூக்கியிருந்தாள்.

"பெஞ்சுல போயி இருங்க சார். வீட்டுல செய்யுற வேலையைச் செய்யுங்க."

"இஞ்சயா?"

"இஞ்சதான்."

"அது தனியா இருந்து செய்யுற வேலையாக்கும்."

"நான் எழுத்தை வாசிக்க மாட்டேன். கையை மட்டும் பாப்பேன்."

ஞானசிகாமணி பெஞ்சுக்குப் போனார்.

கை என்றால் அது சாதாரணக் கை இல்லை. அச்சகம் ஒன்றில் முப்பத்தெட்டு வருடம் பிழை திருத்திய கை. சர்ச் மலரோ கல்யாணப் பத்திரிகையோ, அவருடைய சிவப்புப் பேனா படாமல் எதுவும் அச்சுக்குப் போனதில்லை. ஒருமுறை ஒரு மாப்பிள்ளை படிக்காத படிப்பைப் பெயருக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். இவர் விசாரித்து, அந்தப் படிப்பைச் சிவப்பில் அடித்துவிட்டார். அந்தக் கல்யாணம் எப்படியோ நடந்தது.

அந்தக் கை இப்போது இரண்டு சொற்களைத் தட்டியது. நின்றது. வலது மேல் மூலைக்குப் போனது. திரும்பி வந்தது. மூன்று சொற்கள். மறுபடி மூலைக்கு.

நடுவில் மெஷினும் தன் பங்குக்கு ஒரு வரியை விழுங்கியது.

"பாத்தியா! பாத்தியா!" என்று கத்தினார் ஞானசிகாமணி.

"பாத்தேன். நீங்க எழுதுங்க."

கால் மணி நேரம் போனது. பெனிலா எழுந்து வந்து லேப்டாப்பை ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தாள்.

"இதைப் பாருங்க சார்."

பார்த்தார். எல்லாப் பட்டன்களிலும் எழுத்து புதிதுபோல் இருந்தது. வலது மேல் மூலையில் ஒன்று மட்டும் வழுக்கையாகி, நடுவில் குழிந்தும் போயிருந்தது.

"இது என்ன பட்டன்?"

"அழிக்குற பட்டன்."

"எத்தனை வருஷமா எழுதுறீங்க?"

"ஆறு."

"இதுவரைக்கும் எவ்வளவு ஆச்சு?"

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். 'அன்புள்ள ஷைனி' என்று இருந்தது. வேறெதுவும் இல்லை.

"கால் மணி நேரத்துல மெஷின் தானா அழிச்சது நாலு தடவை," என்றாள் பெனிலா. "நீங்க அழிச்சது முப்பத்தொண்ணு."

"எண்ணினியா?"

"எனக்கு வேற என்ன வேலை? ரெண்டு பேருல யாருக்கு ரிப்பேர்னுதான் இன்னும் பிடிபடல்ல."

ஞானசிகாமணிக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஷைனி யாரு சார்?"

"எனக்க மக. இது அவ காலேஜ்ல படிக்கும்போ வாங்கின லேப்டாப். பூனையும் அவ ஒட்டினதாக்கும்."

"எங்க இருக்காங்க?"

"பின்லாந்துல."

"பேசுவாங்களா?"

"எனக்க தங்கச்சிகிட்டப் பேசுவா."

பெனிலா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஷைனி அவருக்கு நான்கு பக்கக் கடிதம் ஒன்று எழுதினாள். அப்பாவிடம் போனில் சொல்லத் தைரியம் வராமல் கையால் எழுதினாள். அங்கேயே ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டுவிட்டதாக அதில் இருந்தது. தாயில்லாப் பெண். ஒரே பெண். ஞானசிகாமணி கடிதத்தை மூன்று முறை வாசித்தார். அவமானமாக இருந்தது. கோபமாக இருந்தது. இனி இவள் திரும்பி வரவே மாட்டாள் என்று பயமாகவும் இருந்தது. என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

கைக்குத் தெரிந்திருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து நான்கு பக்கத்தையும் திருத்தி, உறையில் போட்டு, அவளுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

"வேற ஒரு வரிகூட எழுதி வைக்கல்லியா?"

"இல்ல."

கீழே எண்ணெயில் காய் விழும் சத்தம் கேட்டது.

"நான் சந்தோஷமா இருக்கேன்னு ரெண்டு இடத்துல எழுதியிருந்தா, மக்களே. ரெண்டாவதை அடிச்சேன். ஓரத்துல 'கூறியது கூறல்'னு எழுதினேன்."

"அப்படின்னா?"

"சொன்னதையே திரும்பச் சொல்லுகது. எங்க வேலையில அது குத்தமாக்கும்."

பெனிலா அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அதுக்குப் பொறவு அவ எழுதல்ல. கிறிஸ்துமஸுக்கு முந்தி அவளுக்குப் பிள்ளை பொறக்கப் போவுது. தங்கச்சி சொல்லித்தான் தெரியும். அதுக்குள்ள ஒரு கடுதாசி போயிரணும். இந்தத் தடவை நல்லா இருக்கணும். ஒரு குத்தம் இருக்கக் கூடாது."

"செரி," என்றாள் பெனிலா.

மேசையிலிருந்து மெல்லிய தகடு ஒன்றை எடுத்துவந்தாள். வழுக்கைப் பட்டனுக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். டக்கென்று கழன்றது. அடியில் நைந்துபோயிருந்த ரப்பரையும் எடுத்தாள். பக்கத்தில் டெலீட் என்று இன்னொரு பட்டன் இருந்தது. அதையும் விடவில்லை.

இரண்டையும் அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இனி மெஷின் அழிக்காது."

"நானும் அழிக்க முடியாதே!"

"முடியாது."

"தப்பு விழுந்தா?"

"விழும்."

"விழுந்தா என்ன செய்ய?"

"அடுத்த வார்த்தைக்குப் போங்க."

"நல்ல கதையா இருக்கே! ரிப்பேரா புதுசான்னு கேட்டதுக்கு இதா பதிலு?"

"புதுப் பட்டன் வர வெள்ளிக்கிழமை ஆவும். அன்னைக்கு வாங்க, சொல்லுகேன்."

லேப்டாப்பில் அழிப்பதற்கு வேறு வழிகளும் உண்டு. அவருக்கு அவை தெரியாது. பெனிலா சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

கீழே இறங்கும்போது சிப்ஸ் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். "என்ன சார், ஆசிரமத்துல என்ன சொன்னாங்க?"

"பல்லைப் பிடுங்கிக் கையில தந்துட்டா," என்றார் ஞானசிகாமணி.

மறுநாள் காலையில் கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

'நான் செய்தது தப்பு' என்று தட்டினார். 'தவறு' என்று இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. விரல் மூலைக்கு ஓடியது. அங்கே குழிதான் இருந்தது. விரல் குழிக்குள் போய், ஒன்றும் அகப்படாமல், திரும்பி வந்தது.

வேறு வழியில்லாமல் பக்கத்திலேயே தட்டினார். 'நான் செய்தது தப்பு தவறு.'

பார்க்கச் சகிக்கவில்லை. அடுத்த வரிக்குப் போனார்.

'கோபத்தில் அதைச் செய்யவில்லை.' விரல் குழிக்குப் போனது. திரும்பியது. 'கோபத்தில்தான் செய்தேன்.' மறுபடி குழி. 'பயத்தில்.'

இப்படி மூன்றையும் ஒரே வரிசையில் அவர் இதுவரை பார்த்ததில்லை. முதலாவதைத்தான் ஆறு வருடமாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிழை திருத்தப் பார்ப்பது போலப் பார்க்கவில்லை. என்ன வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பார்த்தார். அடுத்து என்ன வரும் என்றும் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

'உன் கடிதத்தில் ஒரு குறையும் இல்லை. உன் கையெழுத்து உன் அம்மாவின் கையெழுத்துப் போலவே இருந்தது. அதனால்தான் மூன்று முறை வாசித்தேன்.'

இதை எழுதுவோம் என்று அவர் நினைத்திருக்கவில்லை. விரல் குழியைத் தேடிப் போகவும் இல்லை.

மதியத்துக்குள் ஒன்றரைப் பக்கம் ஆனது.

ஒருமுறை வாசித்தார். கை சட்டைப் பையில் பேனாவைத் தேடியது. பழக்கதோஷம், கண்ணும் சும்மா இருக்கவில்லை. 'மன்னித்துவிடு' என்று நான்கு இடத்தில் வந்திருந்தது.

இது போகலாமா? அச்சகத்தில் இப்படி ஒரு தாள் வந்திருந்தால் எழுதியவரைக் கூப்பிட்டுக் கண்டித்திருப்பார்.

தங்கச்சியிடம் வாங்கி வைத்திருந்த ஈமெயில் முகவரியைப் போட்டார். அனுப்பும் இடத்தில் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அமுக்கினார்.

வெள்ளிக்கிழமை பெனிலா அவருடைய லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். கால் மணி நேரம் உள்ளே துழாவிவிட்டு அடிமூடியை மறுபடி மாட்டினாள். ஞானசிகாமணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரிப்பேரா புதுசா என்று இந்தத் தடவை கேட்கவில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ரிப்பேர் போதும் சார்," என்றாள். "ஃபேன்ல ஒருபாடு தூசி. மூடியில ஆணி தளர்ந்திருக்கு. ரெண்டையும் சரியாக்கினா இன்னும் மூணு வருஷம் ஓடும். புதுசு வேண்டாம்."

"செரி."

"பட்டனும் வந்தாச்சு." சின்ன பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக் காட்டினாள். "போட்டுரட்டா?"

"தூசியைத் தட்டு. ஆணியை முறுக்கு. பட்டன் வேண்டாம்."

"வேண்டாமா?"

"குழி அப்படியே இருக்கட்டு."

பெனிலா கவரைக் கீழே வைத்தாள். "நான் ஒரு வாரத்துக்காக்கும் பிடுங்கினேன். கரண்டு ஆபீஸுக்கு ஒரு மனு எழுதணும்னா என்ன செய்வீங்க? காலம் முழுக்க அழிக்காம எப்படி சார்?"

ஞானசிகாமணி எழுந்து வந்தார். லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து எதையோ திறந்தார். திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"வாசி."

"நான் எழுத்தை வாசிக்க மாட்டேன்னு சொன்னேனே."

"வாசி, மக்களே."

பின்லாந்திலிருந்து அன்று காலையில் வந்திருந்தது. மூன்றே வரி. பெனிலா வாய்விட்டு வாசித்தாள்.

"அப்பா, கடிதம் கிடைத்தது. கூறியது கூறல் நான்கு இடத்தில் இருக்கிறது. நான் ஒன்றையும் அடிக்கவில்லை."