மூன்றாவது வளைவில் என்ன இருக்கிறது

இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் ரேஸ் கார் ஓட்டுகிறவனுக்கு, முழங்கால் உயரம்கூட இல்லாத கோ-கார்ட் வண்டி எதைச் சொல்லிக்கொடுத்துவிடும், சொல்லுங்கள்?

சிவநேசனும் இதைத்தான் கேட்டான்.

அணியில் ஒரே ஓர் இடம் காலி. ஞாயிற்றுக்கிழமை தேர்வு. அவனோ மூன்றாவது வளைவுக்குப் போகும்போதெல்லாம் காரோடு பம்பரமாகச் சுற்றி மண்ணில் போய் நின்றான். ஏன் என்று அவனுக்கும் தெரியவில்லை, மெக்கானிக் தாமஸுக்கும் தெரியவில்லை.

"ரூபாவதியக்காகிட்டப் போ," என்று அனுப்பிவிட்டார்கள்.

ரூபாவதி அதே ஓடுபாதையில் கியர் வைத்த கார்ட் ஓட்டப் பழக்குகிறவள். அவனைவிட நாலு வயது சின்னவள். ஆனாலும் எல்லோருக்கும் அக்கா.

"அக்கா, இது குழந்தைங்க ஓட்டுறதுங்களே."

"குழந்தைங்க வண்டியில கியர் இருக்காதுங்கண்ணா. இதுல ஆறு. உக்காருங்க."

பத்துச் சுற்று முடித்தவன் விலாவைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

"எப்படிங்க இருக்கு?"

"கார்ல இருநூறு போனாலும் பஸ்ல போற மாதிரிதாங்க்கா இருக்கும். இதுல நூறைத் தொடுறதுக்குள்ள உசிரு தொண்டைக்கு வந்துருது. ஒரு ஸ்பிரிங்குகூட இல்லீங்களா?"

"நீங்கதான் ஸ்பிரிங்கு."

அவன் சிரித்தான். விலா வலித்தது. நிறுத்திக்கொண்டான்.

"அப்ப எதுங்க்கா பெருசு? காரா, இதுவா?"

"குழந்தை மடியில இருந்தா காய்ச்சல் அடிக்கிறது தானா தெரியும். தொட்டில்ல கெடந்தா, எந்திரிச்சுப் போய்த் தொட்டுப் பாக்கணும்."

கேட்டதற்கு இது பதிலா என்று அவனுக்கு விளங்கவில்லை.

மறுநாள், இருக்கைக்கு அளவாக வெட்டிய ஸ்பாஞ்சோடு வந்தான்.

"கார்லயும் இப்படித்தாங்க்கா. என் வீட்டுக்காரி மெத்தை தைச்சுக் குடுத்திருக்கா. உக்கார ஒண்ணு, முதுகுக்கு ஒண்ணு."

அவள் ஓடுபாதையைக் கைகாட்டினாள்.

பத்துச் சுற்று ஓட்டினான். வலியே இல்லை. மூன்றாவது வளைவில் மட்டும் இரண்டு தடவை சுற்றி நின்றான்.

"மூணாவது வளைவுல என்னங்க இருக்கு?"

"என்ன இருக்கு? தார் ரோடு."

அவள் ஸ்பாஞ்சை உருவினாள். தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. நீங்க இன்னொரு பத்து போயிட்டு வாங்க."

ஆறாவது சுற்றிலேயே திரும்பிவிட்டான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. முகத்துக் கண்ணாடியை மட்டும் தூக்கினான்.

"அக்கா, அங்க தார்ல ஒட்டுப் போட்டிருக்காங்க. ஒரு சாண் இருக்கும். பின்சக்கரம் அதுல ஏறுனா இடுப்புல ஒரு வெட்டு வெட்டுது. அதுக்கப்புறந்தான் வண்டி வழுக்குது. அரை அடி உள்ள தள்ளிப் போனேன், வழுக்காம நிக்குது."

"எத்தனை வருசமா இந்த ரோட்டுல கார் ஓட்டுறீங்க?"

"ஆறு வருசம்."

அவள் எழுந்து, ஸ்பாஞ்சில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டி அவனிடம் கொடுத்தாள். பிளாஸ்கிலிருந்து இரண்டு பேருக்கும் டீ ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தாமஸ் காருக்குள் தலையை விட்டு, இருக்கையைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"தாமஸ்," என்றான் சிவநேசன், "அந்த மெத்தை ரெண்டையும் எடுத்து வெளிய வச்சிடுப்பா."