பன்றி போட்ட ராஜ பாதை

ஒரு காட்டில், மேட்டுப் பக்கத்துக்கும் ஆற்றங்கரைக்கும் நடுவே, எறும்புகூட யோசித்து நுழைகிற முள்மூங்கில் புதர் அடைத்துக்கொண்டு கிடந்தது. அதைக் குடைந்து பாதை போட்டது ஒரு காட்டுப்பன்றி. மழைக்கு மழை புதர் வளரும். பன்றி மூக்கால் முட்டித் தள்ளிப் பாதையைத் திறந்து வைக்கும்.

அதற்குக் கூலியாக, அந்த வழியே போகிற ஒவ்வொரு மிருகமும் மாதம் ஒரு கிழங்கு கொடுத்தது. முன்னால் வந்தவர் முன்னால் போகலாம். யார் முதுகில் என்ன மூட்டை என்று பன்றி ஒருநாளும் கேட்டதில்லை. கிழங்கைத் தின்றது, சேற்றில் புரண்டது, குறட்டை விட்டது. நல்ல பிழைப்புதான்.

ஒருவர் இப்படி நிம்மதியாக இருந்தால் நரிக்குப் பொறுக்குமா, பிள்ளைகளே?

ஒருநாள் நரி வந்து, "பன்றி அண்ணே, உங்களைப் பார்த்தா எனக்கு அழுகையா வருது" என்றது.

"ஏன்டா?"

"கரடி எவ்வளவு பெரிய தேன்மூட்டையோட உங்க பாதையில போகுது! ஆத்தங்கரையில அதைக் கொடுத்துக் கொழுத்த மீனா வாங்கித் திங்குது. முயல் ஒரு பிடி புல்லோட போகுது. ரெண்டு பேருக்கும் ஒரே கிழங்கா? பாதை உங்களுது, கொழுப்பு கரடிக்கா?"

பன்றிக்கு அதுவரை அப்படித் தோன்றியதே இல்லை. இப்போது தோன்றியது. தோன்றியதும் வயிறு எரிந்தது.

"என்ன செய்யலாம்கிறே?"

"வேகமாப் போறதுக்குன்னு ஒரு ராஜ பாதை போடுங்க. அதுல போறவங்க கூடுதலா ரெண்டு கிழங்கு தரட்டும்."

"இன்னொரு பாதையா? இருக்கிறதைத் தோண்டியே என் மூக்கு தேய்ஞ்சு போச்சு!"

"அட, தோண்டச் சொன்னது யாரு? இருக்கிற பாதையைப் பாதியாப் பிரிங்க. ஒரு பாதியில முள்ளை அள்ளிப் போடுங்க. மத்த பாதி தானா ராஜ பாதை ஆயிடும்."

பன்றி வாயைப் பிளந்தது. அன்றைக்கே வேலை முடிந்தது. மேட்டுப் பக்க வாசலில் நரி காவலுக்கு உட்கார்ந்தது. முள் கிடந்த சாதாப் பாதையில் போகிறவர்களின் மூட்டையைப் பிரித்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டது. வருகிற கிழங்கில் அதற்கும் பங்கு உண்டு, பின்னே சும்மாவா?

முதலில் கரடி கூடுதல் கிழங்கு கொடுத்து ராஜ பாதையில் போய்த் திரும்பியது. தலையைச் சொறிந்தது.

"ஏன் நரி, நேத்து வரைக்கும் நான் போன வேகமும் இதுதானே?"

"இருக்கலாம் ஐயா. ஆனா பக்கத்துல முயல் எப்படி நொண்டுது பாருங்க!"

கரடி பார்த்தது. அதற்கு மனசு குளிர்ந்துவிட்டது.

மேட்டுப் பக்கத்தில் ஒரு கீரி இருந்தது. பாம்புக்கடிக்கு வேர் பறித்து ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் தொழில். அது நேரே பன்றியிடமே போய்க் கேட்டுவிட்டது.

"அண்ணே, மாசாமாசம் நான் கிழங்கு கொடுத்துட்டுத்தானே இருக்கேன்? அப்புறம் எதுக்கு முள்ளு?"

"நெரிசல், கீரி! பாதையில ஒரே நெரிசல். அதை ஒழுங்கு பண்றோம்."

"பாதிப் பாதையை நீங்களே அடைச்சிட்டீங்களே!"

"அதனாலதான் நெரிசல்" என்றது பன்றி, பெருமையாக.

கொஞ்ச நாளில் முயல்களும் அணில்களும் முள்ளைத் தாண்டிக் குதிக்கப் பழகிவிட்டன. உடனே நரி ஓடி வந்தது. "அண்ணே, மோசம் போனோம்! சாதாப் பாதை வேகமாயிடுச்சு. கரடி முணுமுணுக்குது. இன்னும் முள்ளு போடுங்க!"

பன்றி சாதாப் பாதை நெடுக முள்ளை அள்ளிக் குவித்தது. ஆற்றங்கரைப் பக்கத்தில், பழைய முள்குவியலின் நிழலில், ஒரு விரியன் குட்டிகளோடு குடியேறியிருந்தது. பன்றி அதன் தலைமேலேயே புது முள்ளைத் தள்ள, விரியன் மூக்கிலேயே ஒரு போடு போட்டது.

"ஐயையோ! விரியன் கடிச்சிடுச்சு! கீரி, ஓடி வா! நான் சாகப் போறேன்!"

அந்த அலறல் மேட்டுப் பக்கம் வரை கேட்டது. கீரி வேரைக் கவ்விக்கொண்டு பறந்து வந்தது. சாதாப் பாதையில் தலையை விட்டது. புது முள்ளில் மூக்கு நுனிகூட நுழையவில்லை. ராஜ பாதைக்குத் திரும்பியது. நரி பல்லைக் காட்டியது.

"ரெண்டு கிழங்கு?"

"அடப்பாவி, உன் அண்ணன் அங்கே செத்துக்கிட்டிருக்கார்!"

"அவசரம்னு எல்லாரும்தான் சொல்றாங்க. சட்டம் அண்ணன் போட்டது. அதை நான் மீறலாமா?"

தூரத்திலிருந்து பன்றி கத்தியது: "நரியே, கீரியை விடுடா!"

"அண்ணன் குரல்ல யாரு வேணும்னாலும் கத்தலாம்" என்றது நரி.

பன்றிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாசலில் தான் உட்கார வைத்த காவலை நினைத்து அதற்கு முதல் முறையாக அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரடி தேன்மூட்டையோடு ஆடி அசைந்து வந்தது. கீரி அதன் பின்னால் பதுங்கி, மூட்டையைச் சுற்றியிருந்த தேக்கிலையை விலக்கி, வேரைத் தேனுக்குள் செருகி, கரடியின் காதில் விஷயத்தைச் சொன்னது. ராஜ பாதை மூட்டையை நரி பிரிப்பதில்லை. "வாங்க ஐயா, வாங்க!" என்று குனிந்து வழிவிட்டது. கரடி வாழ்நாளில் முதல் முறையாக ஓடியது.

வேர் போய்ச் சேர்ந்தபோது பன்றிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மென்றது. பிழைத்தது.

மூன்றாம் நாள் எழுந்தபோது அதன் முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. அந்த முகத்தோடு ராஜ பாதை வழியே விறுவிறுவென்று மேட்டுப் பக்க வாசலுக்கு வந்தது.

"நில்லு! யாரு நீ? கிழங்கு எங்கே?" என்றது நரி.

"டேய், நான்தான்டா!"

"அண்ணன் குரல்ல பேசுறவங்களை நிறையப் பார்த்தாச்சு. திரும்பிப் போய் சாதாப் பாதையில வா."

பன்றி தலையைத் தாழ்த்தியது. நரியைக் கோரைப்பல்லால் தூக்கிச் சாதாப் பாதை முள்ளில் எறிந்தது. நரி அந்தப் பக்கமாகவே வெளியே போனது. மெதுவாகத்தான் போனது.

சாயங்காலத்துக்குள் பன்றி முள்ளையெல்லாம் வாரி வெளியே தள்ளிவிட்டது. மறுநாள் கீரி மூட்டையோடு வந்து, "அண்ணே, உள்ளே என்னன்னு பார்க்கலையா?" என்று சீண்டியது.

"எனக்கெதுக்கு? போ, பின்னால ஆள் நிக்குது" என்று பன்றி கோணிப்போன மூக்கைத் திருப்பிக்கொண்டது.

நீதி: பொதுவழியில் எளியவருக்கு முள் போடுகிறவன், தனக்கு வரும் உதவியையும் சேர்த்தே தடுத்துக்கொள்கிறான்.